நடுவில் ஒரு சாண் சிமெண்டு

தம்பி,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். அடுப்படி மேடைமேல் தாளை விரித்து வைத்திருக்கிறேன். உன் அம்மா சாமான் வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை, அவளும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. போனில் பேசினால் போதாதா என்று நீ நினைப்பாய். நான் போனில் பேசும் லட்சணம் உனக்குத் தெரியும். பாதியில் குரல் ஏறிவிடும், நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நீ மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் இது அங்கே போய்ச் சேரும்.

போன வாரம் நீ கூப்பிட்டு, "வேலைய விட்டுடறேன்பா. மாசக் கடைசியில லெட்டர் குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொன்னாய் அல்லவா, அதிலிருந்து இந்த வீட்டில் ஒருவர் சிரித்த முகமாக இருக்கிறார், ஒருவர் நிலைகொள்ளாமல் அலைகிறார். சிரித்த முகம் உன் அம்மா. மறுநாளே உன் அறை ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டாள். கூலிம் பக்கம் ஃபேக்டரிகளில் உன் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்கிறாள். அலைகிறவன் நான். சாப்பிட்ட கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பாடாங் மேஹா எஸ்டேட்டில் எந்தச் செம்பனை வரிசையில் எப்போது குலை வெட்டுகிறார்கள் என்று இப்போது கங்காணியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவனுக்கு மனசு கலங்கினால் சக்கரம் உருள வேண்டும், வேறு மருந்து கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீ வரவேண்டும் என்று அதிகம் ஆசைப்பட்டவன் நான்தான். நீ ஆப்பிரிக்காவுக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு போனிலும் "எப்ப வர்றே" என்று கேட்டவன். என் வலது கண்ணில் திரை விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் அறுக்கச் சொல்கிறார்கள். உன் அம்மாவின் முட்டி மாடிப்படியைப் பார்த்தாலே அழுகிறது. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று பொய் எழுத மாட்டேன். அப்படியிருக்க, பிள்ளை வருகிறேன் என்றதும் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? அதைத்தான் இவ்வளவு நாளாக மோட்டாரில் சுற்றிச் சுற்றி யோசித்தேன்.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கோப்பிக் கடையில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலை நீ கேட்டால் சிரிப்பாய். முதலில் எல்லாரும் நீ சிங்கத்துக்குக் கறி போடுகிறாய் என்றுதான் நினைத்தார்கள். நான் உட்கார வைத்து விளக்கினேன். ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம் ஒரே காடு, அதன்மேல் பல நாடு. எல்லை சில இடத்தில் ஆறு, சில இடத்தில் வெறும் மணல் பாதை. யானைக்கும் நெருப்புக்கும் பாஸ்போர்ட் கிடையாது, இஷ்டத்துக்குப் போய் வரும். மரம் திருடுகிறவனுக்கும் அப்படித்தான். ஒரு நாட்டில் வெட்டி, ஆற்றைத் தாண்டி, அடுத்த நாட்டு மரம் என்று முத்திரை குத்தி லாரியில் ஏற்றிவிடுவான். அதனால் அந்த நாட்டு வனத்துறைக்காரர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைத்து, காட்டுக்கு ஒரே சட்டம், ஒரே நேரத்தில் காவல் என்று பேச வைப்பது என் மகன் வேலை என்றேன். கேட்டவர், "அப்ப ஒங்க மவன் பஞ்சாயத்துத் தலைவர்னு சொல்லுங்க லா" என்றார். சரி, அப்படியே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும் ஒரு மரத்தைப் பற்றி நீ ஒருமுறை சொன்னாய். தமிழ்நாட்டு வேங்கைக்கும், இங்கே சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிற அங்சானாவுக்கும் அது சொந்தம் என்றாய். எனக்கு அது மனசில் தங்கிவிட்டது. கித்தாக் காட்டில் ரப்பர் மரத்து வெள்ளைப் பாலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிவப்புப் பால் வடிகிற மரத்துக்கு என் பிள்ளை காவல் நிற்கிறான் என்று நினைத்தால், அந்த மரத்தைப் பார்க்காமலே எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

அப்படிப்பட்டவன் போன வாரம் சொன்னதை யோசித்துப் பார். கோடை தொடங்கும்போதே சருகைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டால், பின்னால் வரும் பெருந்தீக்கு இரை இருக்காது என்று நீங்கள் திட்டம் போட்டீர்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள், அவர்கள் முதலில் எரிக்கட்டும் என்றார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள், இவர்கள் முதலில் எரிக்கட்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள், காட்டை நேசிக்கிறவர்கள் என்றும் நீயே சொன்னாய். கடைசியில் யாரும் எரிக்கவில்லை, பெருந்தீ வந்து இரண்டு பக்கத்தையும் தின்றுவிட்டது. "கூட்டம் போட்டுப் போட்டு நான் ஓஞ்சிட்டேன்பா. இங்க போனா அங்க உள்ள ஆளுங்கறாங்க, அங்க போனா இங்க உள்ள ஆளுங்கறாங்க. நான் எந்தப் பக்கமும் இல்ல, உப்புக்குச் சப்பாணி" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அப்பன் மனசு, உடனே "அப்ப எதுக்குடா அங்க கெடக்கறே, வா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் மோட்டாரை எடுத்தேன். அது நேரே நம் எல்லை மரத்தடியில் போய் நின்றது.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை உனக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடுகிறது. இரண்டு எஸ்டேட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய், அந்தக் கால்வாய்க் கரையில் அந்த மரம். இந்தப் பக்கம் நம் முனீஸ்வரர் கோயில், அந்தப் பக்கம் கத்தோலிக்கர்களின் சிற்றாலயம், மரத்தை ஒட்டியே மாதா சிலை வைத்த கெபி. இரண்டு சாமிக்கும் ஒரே நிழல். நம் ஆடித் திருவிழாச் சோற்றில் முதல் சட்டி அந்தப் பக்கம் போகும், மாதா திருநாள் அன்று அவர்கள் கஞ்சி முதலில் இந்தப் பக்கம் வரும். நீ சின்னப் பையனாக இருந்தபோது வறண்ட கால்வாயில் இறங்கி, இந்தக் கரையில் ஒரு கால் அந்தக் கரையில் ஒரு கால் வைத்துக்கொண்டு, "அப்பா, நான் இப்ப ரெண்டு எஸ்டேட்லயும் இருக்கேன்" என்று கத்துவாய். டவுசர் கிழிந்து உன் அம்மாவிடம் அடி வாங்கியதும் ஞாபகம் இருக்கும்.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. இரண்டு எஸ்டேட்டையும் ஒரே கம்பெனி வாங்கியது. எஸ்டேட் லயன் வீடுகளை விட்டு எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். கோயிலும் சிற்றாலயமும் மரமும் மட்டும் அங்கேயே நின்றன. காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கு அங்கே எல்லையே கிடையாது. எல்லை நம் ஆட்களின் தலைக்குள்தான் இருக்கிறது. திருவிழாவுக்குக் கார் போட்டு வருகிறவர்கள் சேற்றில் மிதிக்கிறார்கள் என்று நம் கமிட்டி மரத்தடியில் நம் பாதிக்குச் சிமெண்டு போட்டது. அடுத்த வருஷம் அவர்கள் தங்கள் பாதிக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். சும்மா இருப்போமா? நாமும் டைல்ஸ். அவர்கள் ஒரு படி உயர்த்தி மேடை கட்டினார்கள். கால்வாயையும் இரண்டு பக்கமும் போட்டி போட்டு மூடியாகிவிட்டது. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஒருவர் சிமெண்டு மற்றவர் சிமெண்டின்மேல் ஏற, அந்த ஒரு சாண் யாருக்குச் சொந்தம் என்று பெரிய சண்டையும் நடந்தது. யாரும் மரத்துக்குக் கெடுதல் நினைக்கவில்லை தம்பி. ஆளுக்குப் பாதியை அலங்காரம் பண்ணியே அதன் கழுத்தை நெரித்தோம்.

இலை கொட்டியது. உச்சிக் கிளைகள் காய்ந்தன. அவர்கள் கூரைத் தண்ணீர்தான் காரணம் என்று நாமும், நம் கற்பூரப் புகைதான் காரணம் என்று அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். போன விடுமுறையில் நீ வந்து பார்த்துவிட்டு, வேருக்கு மூச்சு முட்டுகிறது, இரண்டு பக்கச் சிமெண்டையும் உடைக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் உடைத்தால் மறுபக்க வேர் செத்து மரம் சாய்ந்துவிடும் என்று கமிட்டிக் கூட்டத்தில் பொறுமையாகச் சொன்னாய். கோயில் தலைவர் சுப்பையா அண்ணன், "சாமி எடத்த ஒடைக்கச் சொல்றியா தம்பி?" என்றார். நீ பதில் சொல்வதற்குள் நான் எழுந்து கத்தினேன், நாற்காலி விழுந்தது, பேச்சு எங்கெங்கோ போனது, கமிட்டியிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நீ திரும்பிப் போனாய். நானும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

உன் போன் வந்த அன்று மரத்தடியில் நின்றபோது, ஒரு பெரிய கிளை முறிந்து கோயிலுக்கும் கெபிக்கும் நடுவில் கிடந்தது. அதைக்கூட யாரும் எடுத்துப் போடவில்லை. பார்த்ததும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நேரே அந்தோணியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். சிற்றாலயத்தின் சாவியும் மணியும் அவர் பொறுப்பு. வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். "நாங்க மாட்டோம்னா சொல்றோம்? நீங்க மொதல்ல ஒடைங்கண்ணே, பின்னாடியே நாங்க ஒடைக்கறோம் லா" என்றார். அங்கிருந்து சுப்பையா அண்ணன் வீடு. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனாலும் பால் விடாத தே ஓ கலந்து கொடுத்தார். "அவங்க மொதல்ல ஒடைக்கட்டும். நாம ஒடைச்சு அவங்க ஒடைக்காம விட்டா, நம்ம சாமி மண்ணுல நிக்கும், அவங்க மாதா டைல்ஸ்ல நிக்கும். பாக்கறவன் என்ன பேசுவான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனில் சொன்ன அதே பேச்சு. அங்கே காடு, இங்கே ஒரே ஒரு மரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. கத்தாமல் இருந்ததால்தானோ என்னவோ, ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் அந்த எல்லைக் கால்வாயைத் தூர் வாருவதிலும் இதே தகராறுதான். நாங்கள் வாரினால் அவர்கள் சேறு இங்கே இறங்கும், அவர்கள் வாரினால் நம் சேறு அங்கே போகும். அதற்காக அந்த வேலைக்கு மட்டும் இரண்டு எஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே பெரட்டு வைப்பார்கள். காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம், உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டுகள் ஒன்றாக அடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மண்வெட்டி இறங்கும். யார் முதல் என்ற கேள்விக்கே இடமில்லை. அதைச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம அவங்க பூசை முடிஞ்சதும் ரெண்டு மணியும் ஒண்ணா அடிக்கட்டும்ணே. அடிச்சதும் ரெண்டு பக்கமும் சுத்தியல் எறங்கட்டும்" என்றேன். சுப்பையா அண்ணன் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்தக்கா ஒத்துக்குமா?" என்றார். அது போதும் எனக்கு. திரும்பவும் மோட்டார், திரும்பவும் அக்கா வீடு. இந்த வாரம் நான் மோட்டாரில் எரித்த எண்ணெய்க்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டும் ஒன்றாக அடித்தன. சரியாக ஒன்றாக இல்லை, அக்கா கொஞ்சம் முந்திவிட்டார், அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பூசைக்கு உடுத்திய சட்டையைக் கை மடித்துவிட்டுக்கொண்டு அவர்கள் ஆட்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் ஆட்களும் இறங்கினார்கள். நல்ல கோத்தோங் ரோயோங், ஊரே சேர்ந்து செய்த வேலை. பெண்கள் உடைந்த டைல்ஸைத் தள்ளுவண்டியில் அள்ளினார்கள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பக்கமும் மண் தெரிந்தது. பிறகு எல்லாரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள். நடுவில் அந்த ஒரு சாண் மட்டும், மரத்தை முட்டிக்கொண்டு, முழுசாக நின்றது.

அதைத் தொட ஆளில்லை. "இது ஒங்க சிமெண்டு" என்றார் சுப்பையா அண்ணன். "இல்லண்ணே, மேல ஏறியிருக்கறது ஒங்களோடது" என்றார் அந்தோணியம்மா அக்கா. எங்களுடையது எங்களுடையது என்று ஒரு காலத்தில் அடித்துக்கொண்ட அந்தச் சாண் இப்போது யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. பங்குச் சாமியாரைக் கேட்க வேண்டும் என்றது ஒரு குரல். கமிட்டி கூடித் தீர்மானம் போடலாம் என்றது இன்னொரு குரல். கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. பக்கத்திலிருந்தவர் கையிலிருந்த பெரிய சுத்தியலை வாங்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். அக்கா கேட்டார், "நீங்க எந்தப் பக்கம்ணே ஒடைக்கறீங்க?" "நான் எந்தப் பக்கமும் இல்லக்கா. என்னத்தான் கமிட்டியில இருந்து தூக்கிட்டாங்களே" என்றேன். சுப்பையா அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அடி போட ஆரம்பித்தேன்.

நின்றுகொண்டு எழுதுவதற்கு மனக் கலக்கம் மட்டும் காரணமில்லை, இடுப்பும்தான். கையெழுத்து கோணலாக இருப்பதற்குத் தோளைக் கேள். அந்தச் சாணுக்கு அடியில் வேர்கள் சப்பையாக, ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு, வெளுத்துப் போய்க் கிடந்தன. எது எந்தப் பக்கத்து வேர் என்று சொல்ல முடியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அக்கா வீட்டுக் குழாயை நீட்டித் தண்ணீர் விட்டார்கள். மரம் பிழைக்குமா என்று தெரியாது. தெரிய வருஷக்கணக்காகும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். மாலையில் இலை மூடுகிற நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன், மிச்சமிருக்கிற இலை ஒழுங்காக மூடியது. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பக்கமும் இல்லாதவன் என்று நீ அழுத குறைதான் தம்பி, அந்த மேசையில் உனக்கு இடம் கொடுக்கிறது. அவர்களில் ஒருவன் நடுச் சிமெண்டைத் தொட்டால் மற்றவன் சந்தேகப்படுவான். கெடாவிலிருந்து போன ஒரு லாரிக்காரன் மகன் தொட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? உன்னை வெளியாள் என்று சொன்னால், ஆமாம் என்று சிரித்துவிட்டுச் சுத்தியலை எடு. யார் முதலில் எரிப்பது என்று இனிமேல் கேட்காதே, கேட்டால் இன்னும் பத்துக் கூட்டம் போடுவார்கள். அந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மணி எது என்று விசாரி. ஏதாவது ஒன்று இருக்கும். எனக்குத் தெரியாது, அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. என்னை மாதிரி நாற்காலியைத் தள்ளிவிடாதே, அது மட்டும் என் அனுபவம்.

வா என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சுலபமாகச் சொல்லவில்லை இதை. நீ வந்தால் என் அலைச்சல் அன்றைக்கே நின்றுவிடும், உன்னுடையது அன்றைக்குத்தான் தொடங்கும். கூலிமில் வேலை முடிந்து வந்து நீ மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக்குள் சுற்றுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கண் ஆபரேஷனுக்கு அந்தோணியம்மா அக்கா மகன் காரில் கூட்டிப்போகிறேன் என்று நேற்றே சொல்லிவிட்டான். அடுத்த கோடையில் இரண்டு பக்கமும் ஒன்றாக எரித்துவிட்டு, அதற்குப் பிறகும் வரத் தோன்றினால் வா. அப்போது நானே கே.எல். வந்து ஏர்போர்ட்டில் நிற்கிறேன்.

இங்கே நிறுத்தியிருந்தேன். உன் அம்மா வந்துவிட்டாள். கேட்காமலே தாளை எடுத்து, மேடையில் சாய்ந்தபடி முழுவதையும் படித்தாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாசார் பையைக் கவிழ்த்தாள். நீ வந்தால் சம்பல் செய்ய வாங்கிய நெத்திலிக் கருவாடு அவ்வளவும் மேடையில் விழுந்தது. அதைக் கையால் ஒன்றாகக் கூட்டிக் குவித்துவிட்டு, "இத அந்த ஊருக்கு அனுப்ப விடுவானான்னு போஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க" என்றாள்.

மோட்டாரை எடுக்கப் போகிறேன்.

அப்பா